ட்ரயலிஸ்ட் பி-யை வேறு யாராவது பார்த்தீர்களா?

கோலுக்குப் பின்னால்
2024 ஜூலை 9, செவ்வாய், இரவு 11:52

இன்று இரவு ஊரே ஸ்பெயின்–பிரான்ஸ் யூரோ அரையிறுதிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. யாமால் என்ற அந்தப் பதினாறு வயதுப் பெடியன் அடித்த கோல் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்ந்தது. மகன் அனுப்பினான், கூடவே "அப்பா உங்களுக்கு என்ன விசரா" என்று ஒரு வரி. நான் அந்த நேரம் தென் லண்டனில், ஒழுகுகிற தகரக் கூரைக்குக் கீழே, ஐந்து பவுண்டு கொடுத்து எங்கள் கிளப்பின் இரண்டாவது ஃப்ரெண்ட்லியை (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம்) பார்த்துக்கொண்டு நின்றேன். என்னையும் சேர்த்து 114 பேர். நானேதான் எண்ணினேன், முதல் பாதியில் எண்ணுவதற்கு வேறு எதுவும் நடக்கவில்லை.

கிளப் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஸ்டெப் 4 என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக்கிலிருந்து படியிறங்கி வந்தால் எட்டாவது படி. போன சீசன் எங்களுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கடைசி ஆறு மேட்சில் இரண்டு கோல், அதில் ஒன்று எதிரணிக்காரர் தன் வலைக்குள் தானே போட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். டீம்ஷீட் என்று ஒரு ஃபோட்டோகாப்பி கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெயர் தெரிந்த பெயர். மீதி "ட்ரயலிஸ்ட் ஏ, ட்ரயலிஸ்ட் பி, ட்ரயலிஸ்ட் சி, ட்ரயலிஸ்ட் டி", அதாவது சேர்க்கலாமா என்று ஆடவைத்துப் பார்க்கிற ஆட்கள். ஏ என்பவர் சென்டர் ஹாஃப், திரும்புவதற்குள் பஸ் போய்விடும். சி ஒரு கோலி, நல்ல குரல், கைதான் இல்லை. டி-யை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் இந்த பி, இடைவேளைக்குப் பிறகு இடது விங்கில் இறங்கினான். ஒல்லி, சாக்ஸ் கணுக்காலில், முதுகில் 17. முதல் பந்து காலுக்கு வந்ததும் நிறுத்தவே இல்லை, எதிரே நின்ற ஃபுல்பேக்கை (ஓரத் தடுப்பாளர்) ஒரு பக்கம் அனுப்பிவிட்டு இவன் மறுபக்கம் போனான். கிராஸ் அப்படியே ஆறு யார்டு பெட்டிக்கு முன்னால் வந்து விழுந்தது, அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை (அது பழைய வியாதி). பிறகு ஒருமுறை உள்ளே வெட்டி வலது காலால் அடித்தான், கம்பியில் பட்ட சத்தம் கார் பார்க்வரை கேட்டிருக்கும். அதைவிட, எண்பதாவது நிமிடத்தில் தன் கோல்வரை ஓடிவந்து பந்தைப் பறித்தான். ஃப்ரெண்ட்லியில் யார் அப்படி ஓடுகிறார்கள்?

தெற்கிலும் தென்மேற்கிலும் மட்ச் பார்க்கிற ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்தப் பெடியனை வேறு எங்காவது பார்த்தீர்களா?


சட்டன் சித்தப்பா
ஜூலை 10, காலை 7:14

தம்பி, ஜூலையில் எல்லா விங்கரும் மெஸ்ஸிதான். எதிரணி ஃபுல்பேக் முதல் நாள் இரவுதான் ஸ்பெயினில் விடுமுறை முடிந்து இறங்கியிருப்பான், வயிற்றில் இன்னும் சங்ரியா இருந்திருக்கும். அவனைத் தாண்டினதற்கு ஒரு இழையா?

நான் இதைக் கசப்பில் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், கசப்பில்தான். ஏப்ரல் 27-ஆம் தேதி எங்கள் சட்டன் யுனைடெட் மில்டன் கீன்ஸில் 4-4. நாலு கோல் அடித்தும் லீக் டூ-விலிருந்து, நாலாவது படியிலிருந்து, கீழே. 2021-ல் மேலே போனோம், மூன்று வருடம் இருந்தோம், இறங்கிவிட்டோம். போன ஜூலை எல்லா ஃப்ரெண்ட்லிக்கும் போனவன் நான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வந்து "இந்த வருடம் பாருங்கள் அண்ணா" என்றார்கள். பார்த்தேன்.


ரைஸ்லிப் அக்கா
ஜூலை 10, காலை 8:40

சித்தப்பா ஒவ்வொரு ஜூலையும் இதையேதான் எழுதுகிறார், ஒவ்வொரு ஃப்ரெண்ட்லிக்கும் போகவும் செய்கிறார். கண்டுகொள்ளாதீர்கள்.

நான் வீல்ட்ஸ்டோன் கிளப் ஆள் என்பது தெரியும்தானே. பெயரில்லாத விங்கர் தெற்குப் பக்கம் எங்கள் கண்ணில் படவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், அவன் மேட்ச் முடிந்ததும் யாரோடு பேசினான்? மேனேஜரோடு நின்று பேசினானா, பையைத் தூக்கிக்கொண்டு நேரே காருக்குப் போனானா? எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் கணக்கு. நேரே காருக்குப் போகிறவன் வேறு மூன்று கிளப்பிலும் ட்ரயல் போய்க்கொண்டிருப்பான்.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 10, காலை 9:05

அக்கா, அவன் காரில் வரவில்லை. டிராமில் போனான். நான் பார்த்தேன், அதே டிராமில் நானும் ஏறினேன், பேசக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்காரன் ஒரு இருபது வயதுப் பெடியனிடம் போய் "தம்பி கையெழுத்துப் போடுவீரா" என்று எப்படிக் கேட்பது.


வியாசர்பாடி விசிறி
ஜூலை 10, காலை 9:31

சென்னையிலிருந்து எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் ஏரியாவில் தெருவுக்கு ஒரு டீம் உண்டு, ஆனால் இந்தப் பெயரில்லாத வீரர் விவகாரம் எனக்குப் புரியவில்லை. எதற்கு ஏ, பி, சி? சேர்க்கப்போகிற பையன் பெயரை மறைத்து யாருக்கு என்ன லாபம்? அப்புறம் இன்னொரு சந்தேகம், எட்டாவது படி கிளப்புக்கு லண்டனில் தமிழர் எப்படி விசிறி ஆகிறீர்கள்? அங்கே ஆர்சனல், செல்சி எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறதே.


பழைய கோலி
ஜூலை 10, மதியம் 12:20

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், நான் ஒரு சின்ன கிளப்பில் வீரர் பதிவு வேலையில் கைகொடுப்பவன். சம்பளம் கிடையாது, தேத்தண்ணி உண்டு.

பெயரை மறைப்பது பெரும்பாலும் பக்கத்துக் கிளப்பிடமிருந்து. எங்கள் மட்டத்தில் பல வீரர்களுக்கு ஒப்பந்தமே இருக்காது. செவ்வாயும் வியாழனும் இரவில் பயிற்சி, பகலில் ஒருவர் பிளம்பர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், ஒருவர் வேன் ஓட்டுகிறார். சீசன் நடுவில்கூட ஒப்பந்தமில்லாத வீரரை ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வேறு கிளப் அணுகலாம், அவ்வளவுதான் தடுப்பு. ஜூலையில் அதுகூடக் கிடையாது. நல்ல பெடியன் ஒருவன் வந்திருக்கிறான் என்று பெயரோடு வெளியே போனால், மறுநாள் காலை வாரத்துக்கு முப்பது பவுண்டு கூடக் கொடுக்கிற ஒருவர் தொலைபேசியில் இருப்பார். சில சமயம் பெடியனே வேறு கிளப் ஆளாக இருப்பான், அங்கே தெரியக் கூடாது என்பான். காரணம் எதுவானாலும் அவனுக்கு ஒரு எழுத்துத்தான்.

அதனால், இழையைத் தொடங்கினவரே, கிளப் பெயரை எழுதாதது நல்லது. 17-ஆம் நம்பர், ஒல்லி, டிராம் என்று எழுதினதே அதிகம்.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 10, மதியம் 1:15

சரிதான். டிராமை எழுதியிருக்கக் கூடாது. இப்போது திருத்த முடியவில்லை.

வியாசர்பாடித் தம்பிக்கு: ஆர்சனலுக்கு நானும் கத்தியிருக்கிறேன், தொலைக்காட்சியைப் பார்த்து. டிக்கெட் விலையைப் பார்த்தபிறகு அது தொலைக்காட்சியோடு நின்றது. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்தது கடற்கரைப் பக்கம், அங்கே உதைபந்தாட்டம் என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, விளையாடுகிறவனின் தகப்பன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு பார்ப்பது. அதை லண்டனில் இருபது வருடமாகத் தேடாமலே இருந்துவிட்டேன். 2018-ல் கோனிஃபா உலகக் கிண்ணம் இங்கே நடந்தது, ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான போட்டி. தமிழீழம் என்ற பெயரில் ஒரு அணி வந்தது. முதல் ஆட்டம் பரவா என்ற அணியோடு, புரொம்லி கிளப்பின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில். 4-0 தோல்வி, அதைவிட்டுத் தள்ளுங்கள். நான் வேலிக்கம்பியில் முழங்கையை ஊன்றி நிற்கிறேன், லைன்ஸ்மேன் எனக்கு மூன்றடி முன்னால் ஓடுகிறார், அவர் மூச்சுக் கேட்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் "இப்படி ஒரு இடம் இவ்வளவு நாளும் இங்கேயே இருந்திருக்கிறது" என்றேன். அந்த ஜூலையிலேயே வீட்டுக்குக் கிட்ட உள்ள கிளப்புக்குப் போனேன். ஃப்ரெண்ட்லி. ஐந்தாறு ட்ரயலிஸ்ட்.

அதே புரொம்லி இந்த மே மாதம் வெம்ப்ளியில் பெனால்டியில் சொலிஹல் மூர்ஸை வென்று, 1892-லிருந்து இருக்கிற கிளப் முதல் தடவையாக ஃபுட்பால் லீக்குக்கு (இரண்டாவது முதல் நாலாவது படிவரை) போயிருக்கிறது. எனக்கு அங்கே பங்கு ஒன்றும் இல்லை, இருந்தாலும் பெனால்டி பார்க்கும்போது கை நடுங்கியது.


சட்டன் சித்தப்பா
ஜூலை 10, மாலை 5:48

அவர்கள் ஏறினார்கள், நாங்கள் இறங்கினோம், ஒரே வசந்தத்தில். நன்றாக ஞாபகப்படுத்தினீர்.

சரி, இன்று தேதியைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 2002 ஜூலை 10. எங்கள் மைதானமான கேண்டர் கிரீன் லேனில் ஒரு ஃப்ரெண்ட்லி, எதிரணி ஏஎஃப்சி விம்பிள்டன் என்று அன்றுதான் முதல் தடவை ஆடுகிற ஒரு கிளப். பழைய விம்பிள்டனை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகலாம் என்று அந்த மே மாதம் அனுமதி கொடுத்திருந்தார்கள், விசிறிகள் கோபத்தில் சொந்தமாக ஒன்று தொடங்கிவிட்டார்கள். ஜூன் கடைசியில் விம்பிள்டன் கொமனில் திறந்த தேர்வு வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று, இருநூறுக்கு மேல் பேர் வந்தார்கள். அன்றைக்கு எல்லாருமே ட்ரயலிஸ்ட் பி-தான் என்று வையுங்கள்.

எங்கள் ஃப்ரெண்ட்லிக்கு வழக்கமாக இருநூறு, முந்நூறு பேர் வருவார்கள். அன்று 4,657. நான் வேலை முடிந்து நேரே போனேன், தெருமுனையிலேயே வரிசை. நாங்கள் 4-0 வென்றோம். ஆனால் பாடினது முழுக்கத் தோற்றவர்கள். எனக்கு அது புரியவே இல்லை, நாலு வாங்கிவிட்டு எதற்குப் பாடுகிறார்கள்? அவர்கள் ஒன்பதாவது வருடம், 2011-ல், ஃபுட்பால் லீக்கில் இருந்தார்கள். நடுவில் லீக்கில் 78 ஆட்டம் தோல்வியே இல்லாமல். நாங்கள் அங்கே போக அதற்குப்பிறகும் பத்து வருடம் ஆனது.

ஃப்ரெண்ட்லிக்கு அர்த்தம் உண்டு என்று இதற்கு அர்த்தம் இல்லை. சும்மா சொன்னேன்.


ரைஸ்லிப் அக்கா
ஜூலை 10, இரவு 10:09

வாட்கின்ஸ்!!!!

தொண்ணூறாவது நிமிடம்! எங்கள் வீட்டில் மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டுகிறார், நான் கூரையில் தட்டுகிறேன். யூரோ அரையிறுதியில் இங்கிலாந்து வென்றது, நெதர்லாந்து காலி. பெயரில்லாத ஆட்கள் பற்றிய இழையில் இதைப் போடாமல் எங்கே போடுவது. இந்த ஆலி வாட்கின்ஸ் 2014-15-ல் எக்ஸிட்டரிலிருந்து வெஸ்டன்-சூப்பர்-மேருக்குக் கடனாகப் போய் ஆடினவர். அப்போதைய கான்ஃபரன்ஸ் சவுத், ஆறாவது படி. கடற்கரையில் கழுதைச் சவாரி நடக்கிற ஊர். அன்றைக்கு அவரைப் பார்த்த சில நூறு பேரில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் "அந்த ஒன்பதாம் நம்பர் யார்" என்று கேட்டிருப்பார்தானே.


குரொய்டன்காரன்
ஜூலை 10, இரவு 10:31

இங்கிலாந்து அணியின் ஜாரட் போவனும் ஹெரிஃபோர்டில் தொடங்கினவர்தான், அப்போது அந்த கிளப் கான்ஃபரன்ஸில், ஐந்தாவது படியில், இருந்தது. எங்கள் டிராம் பாதையில் வருகிற மிச்சம் (Mitcham) என்ற ஊரையும் விட்டுவிடாதீர்கள், வெஸ்ட் ஹாமில் ஆடின மிக்கேல் அன்டோனியோ டூட்டிங் அண்ட் மிச்சம் ஆள். அதே கிளப்பில் ஆடின கோலி அலெக்ஸ் ஸ்டெப்னி 1968-ல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஐரோப்பியக் கிண்ணம் வென்றார்.

ஆனால் அண்ணே, ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். அன்டோனியோவைப் பார்த்த அதே ஜூலையில் இன்னும் ஐந்நூறு விங்கர்களை ஐந்நூறு பேர் பார்த்து இதே மாதிரித் துள்ளியிருப்பார்கள். அந்த ஐந்நூறு பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் ஐடி ஆள், எனக்கு அந்த எண்ணிக்கைதான் கண்ணில் படுகிறது.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 10, இரவு 11:20

தம்பி, அவன் இங்கிலாந்துக்கு ஆடவேண்டாம். ஆகஸ்ட் முதல் ஏப்ரல்வரை எங்களுக்கு இடதுபக்கம் ஆடினால் போதும். பத்து கோல். எட்டு என்றாலும் சரி.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 13, சனி, இரவு 8:17

இன்றைய மட்ச். ஒரு பெரிய கிளப்பின் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட அணி வந்தது. அவர்களோடு மட்டும் ஆறு பயிற்சியாளர், இரண்டு டிரோன், ஒரு குளிர்பெட்டி நிறைய ஏதோ பச்சை நிறத் தண்ணீர். எங்கள் பக்கம் ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்ச். 1-4 தோற்றோம். மைதானத்தில் 300 பேருக்குக் கிட்ட, பாதிப் பேர் அந்தப் பெரிய கிளப்பின் சட்டையில்.

அந்த ஒன்று பி அடித்தது.

இன்று தொடக்கத்திலிருந்தே ஆடினான், அறுபது நிமிடம். கோல் ஒன்றும் யாமால் கோல் இல்லை. கோலியிடம் திரும்பிப்போன பந்தைத் துரத்தினான், கோலி பதறி உதைத்தது இவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. ஆனால் யார் துரத்தினார்கள்? போன வருடம் எங்கள் முன்வரிசை அப்படி ஒரு பந்தைத் துரத்தி நான் பார்த்ததில்லை. அக்கா கேட்டது ஞாபகம் இருந்தது, கடைசிவரை நின்று பார்த்தேன். மேனேஜர் அவன் தோளில் கைபோட்டு இருபது நிமிடம் கதைத்தார். பிறகு கிளப்ஹவுஸுக்குள் போய்ச் சாப்பிட்டான். என் மனைவி செய்த ஆட்டிறைச்சி ரோல்ஸ்தான், ஒவ்வொரு ஜூலையும் தேநீர் கவுண்டர் அம்மா ஃபோன் பண்ணிக் கேட்டு வாங்குவார். இரண்டு சாப்பிட்டான். இன்னொன்றைத் தாளில் சுற்றி எடுத்துப்போனான்.

கையில் பெயின்ட் இன்னும் போகவில்லை, காலையில் வேலிக்கம்பி அடித்தோம். ஏழு பேர் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்தோம்.


ரைஸ்லிப் அக்கா
ஜூலை 13, இரவு 9:02

ரோல்ஸைத் தாளில் சுற்றி எடுத்துப் போகிறவன் திரும்பி வருவான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 16, செவ்வாய், இரவு 10:44

இன்று வரவில்லை.

டீம்ஷீட்டில் ட்ரயலிஸ்ட் ஏ, ட்ரயலிஸ்ட் பி என்று இருந்தது, வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இறங்கினது வேறு ஒரு பி. நாற்பது வயதிருக்கும், முழங்காலில் இரண்டு பக்கமும் கட்டு. எழுத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 0-0. மழைகூடப் பெய்யவில்லை, பெய்திருந்தால் அதையாவது பார்த்திருக்கலாம். கேட்டால் செயலாளர் தோளைக் குலுக்குகிறார்.


சட்டன் சித்தப்பா
ஜூலை 17, காலை 7:02

நான் ஒன்றும் சொல்லவில்லை.


குரொய்டன்காரன்
ஜூலை 17, காலை 8:15

சொல்லாமல் இருக்க ஒரு பதிவு போட்டிருக்கிறீர்கள் சித்தப்பா.


வியாசர்பாடி விசிறி
ஜூலை 17, காலை 8:50

நான் வேறு மனசுக்குள் அந்தப் பையனுக்கு ஒரு முகமே வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் உண்டு, அதே மாதிரி சாக்ஸ் இறங்கி ஓடுவான், அவன் முகம். இப்போது எங்கே தேடுவது?


கோலுக்குப் பின்னால்
ஜூலை 20, சனி, மாலை 6:35

இன்றும் இல்லை. எங்களைவிட இரண்டு படி கீழே உள்ள ஊர்க்கிளப் ஒன்றிடம் போய் 2-1 தோற்றுவிட்டு வருகிறோம். அவர்கள் மைதானத்தில் ஒரு பக்கம் கிரிக்கெட் நடக்கிறது, பந்து எல்லை தாண்டி வந்ததால் ஒருமுறை ஆட்டம் நின்றது.

ஆடி மாதம் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பார் அம்மா. பெண் பார்க்கப் போக மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள். இந்த நாட்டில் கிளப்புகள் எல்லாவற்றையும் ஆடியில்தான் தொடங்குகின்றன. புதுச் சட்டை, புது கோலி, புதுப் புல். எங்கள் கோலுக்கு முன்னால் போட்ட புது விதை முளைத்துக் குழந்தைத் தலைமுடி மாதிரி நிற்கிறது, அதில் நடக்கவே மனம் வரவில்லை.

நேரே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் அந்தப் பெடியன்மேல் இல்லை. இந்த இழையை நான் தொடங்கினதால்தான் போனானோ என்ற யோசனைதான். டிராம் என்று எழுதினேன். நம்பர் எழுதினேன்.


பழைய கோலி
ஜூலை 20, இரவு 7:50

தமிழில் எழுதின இழையைப் படித்து வீரர் பிடிக்கிற மேனேஜர் தென் லண்டனில் இருந்தால் அவரை நான் நேரில் போய்க் கும்பிடுவேன். அந்தக் கவலையை விடுங்கள்.

நான் யோசிப்பது வேறு. அவன் கடைசியாக எங்கே பதிவாகியிருந்தான்? பெடியன் போன வருடம் வேல்ஸிலோ அயர்லாந்திலோ ஆடியிருந்தால்கூட, இங்கே பதிவு செய்ய சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். வேல்ஸுக்கு டிக்கெட் எடுத்து ரயிலில் போகலாம், பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் ஃபுட்பாலுக்கு அது வெளிநாடு. அங்கே தனிச் சங்கம். தாள் எப்போது வரும் என்பது அந்தப் பக்கம் யார் விடுமுறையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தில் அடுத்தநாளே வந்ததும் உண்டு, மூன்று வாரம் போனதும் உண்டு. சில மேனேஜர்கள் தாள் வரும்வரை பெடியனை ஆடவிடாமல் பயிற்சிக்கு மட்டும் வரச் சொல்வார்கள், கால் உடைந்தால் யார் பொறுப்பு என்று. செவ்வாய், வியாழன் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள்.


ரைஸ்லிப் அக்கா
ஜூலை 20, இரவு 8:20

இந்த மாதிரி ஒரு பதிலுக்குத்தான் நான் இந்தத் தளத்தில் இருக்கிறேன்.

எங்கள் கிளப் சரித்திரத்தில் தாளைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, ஒருவேளை உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1984-85-ல் வீல்ட்ஸ்டோன் ஐந்தாவது படி லீக்கையும் வென்று எஃப்ஏ டிராஃபி என்ற கிண்ணத்தையும் வென்றது, நான்-லீக்கில் (ஃபுட்பால் லீக்குக்குக் கீழே உள்ள படிகளில்) அந்த இரட்டை அதுதான் முதல் தடவை. மேலே விடவில்லை. அந்தக் காலத்தில் முதலிடம் வந்தாலே ஏற்றம் என்ற விதியே கிடையாது, மேலே உள்ளவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஒருவரைச் சேர்ப்பார்கள். விதி 1987-ல் வந்தது, ஸ்கார்பரோ கிளப் போனது. நாங்கள் இன்னும் போகவில்லை. கிளப்ஹவுஸில் பெரியவர்கள் அந்த வருடத்தை நேற்று நடந்தது மாதிரிச் சொல்வார்கள், மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 23, செவ்வாய், இரவு 9:58

பயிற்சி மைதானத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. பக்கத்து வீட்டு நாய்.

இருக்கிறான்!!

சாக்ஸ் கணுக்காலில். ஐந்துக்கு ஐந்து ஆடுகிறார்கள், எங்கள் ரைட் பேக்கை (நல்லவர், தபால்காரர், முப்பத்து நான்கு வயது) படாத பாடு படுத்துகிறான். செயலாளர் வேலிப்பக்கம் வந்தார், நாயைத் தடவினார், "தாளுக்குக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழைய கோலி, உங்களுக்கு ஒரு டஜன் ரோல்ஸ் கடன்.


சட்டன் சித்தப்பா
ஜூலை 24, காலை 6:58

பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கினதை எழுதியிருக்கத் தேவையில்லை. நானாக இருந்தால் மறைத்திருப்பேன். 2016-ல் நான் மறைத்தேன்.


பழைய கோலி
ஜூலை 24, காலை 10:10

எஃப்ஏ கப் எப்போது? எக்ஸ்ட்ரா ப்ரிலிமினரியா (தொடக்கத் தகுதிச் சுற்று)?


கோலுக்குப் பின்னால்
ஜூலை 24, காலை 10:25

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மூன்று மணி, எங்கள் மைதானம். லீக் அதற்கு அடுத்த வாரம். வென்றால் ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேலே கிடைக்கும், பெரிய கிளப்பில் அது ஒரு பூட்ஸ் விலை, எங்களுக்கு பிட்ச் வெட்டுகிற மெஷின் பழுதுபார்க்கிற காசு.


குரொய்டன்காரன்
ஜூலை 24, காலை 11:00

டிரா ஆனால் ரீப்ளே, அதாவது இன்னொரு நாள் மறுஆட்டம், உண்டா? எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று ஏப்ரலில் ஒரே சண்டையாக இருந்ததே.


சட்டன் சித்தப்பா
ஜூலை 24, மதியம் 12:40

எடுத்தது முதல் சுற்றிலிருந்து மேலே. தகுதிச் சுற்றுகளில் இந்த 2024-25 சீசனிலும் உண்டு. பெரியவர்களுக்கு நேரமில்லையாம், அதனால் மேலே நமக்கும் வேண்டாமாம். 2017 ஜனவரியில் எங்களுக்கும் ஏஎஃப்சி விம்பிள்டனுக்கும் மூன்றாம் சுற்று 0-0. ரீப்ளே அவர்கள் மைதானத்தில், 3-1 வென்றோம். அதனால்தான் லீட்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது, 1-0. அதனால்தான் ஆர்சனல் கேண்டர் கிரீன் லேனுக்கு வந்தது. 0-2 தோற்றோம், அது கிடக்கட்டும், ஆர்சனல் எங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் உடுப்பு மாற்றினார்கள். முதல் நாளே பெனால்டி வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? 1959-ல் டூட்டிங் அண்ட் மிச்சம் நொட்டிங்ஹாம் ஃபாரஸ்டை உறைந்த மைதானத்தில் 2-2 பிடித்ததும் அப்படித்தான், ரீப்ளேயில் 3-0 தோற்றாலும் இரண்டாவது நாள் என்று ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. ஃபாரஸ்ட் அந்த வருடம் கிண்ணத்தையே வென்றது.

இதைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் நிற்க மாட்டேன். நிறுத்துகிறேன்.


கோலுக்குப் பின்னால்
ஜூலை 27, சனி, மாலை 5:50

கடைசி ஃப்ரெண்ட்லி. 3-0 வென்றோம். பி ஆடவில்லை, ஆனால் அணியின் டிராக்சூட் போட்டிருந்தான், முதல் எழுத்துகள் நெஞ்சில் தைத்திருந்தது. பெயரின் முதல் எழுத்துகள்! பி என்ற எழுத்து அதில் இல்லவே இல்லை. என்ன எழுத்து என்று இங்கே எழுதமாட்டேன், புத்தி வந்துவிட்டது.


வியாசர்பாடி விசிறி
ஆகஸ்ட் 2, வெள்ளி, மாலை 4:30

அண்ணே, தாள் வந்ததா? எங்கள் டீக்கடையில் கூட இரண்டு பேர் கேட்கிறார்கள், நான் மொழிபெயர்க்காமலே.


பழைய கோலி
ஆகஸ்ட் 2, மாலை 5:05

நாளை ஆடவேண்டும் என்றால் பதிவு இன்று முடிந்திருக்க வேண்டும். இன்னேரம் முடிந்ததா இல்லையா என்பது உறுதி.


கோலுக்குப் பின்னால்
ஆகஸ்ட் 2, இரவு 9:40

செயலாளருக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மனைவி நாற்பது ரோல்ஸ் சுற்றிவைத்திருக்கிறார். யாராவது வருவதென்றால் ஒன்றரைக்கு மிச்சம் ஜங்ஷன், வெளிவாசலில் நிற்பேன். சித்தப்பா, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலாகச் சொல்கிறேன், பியர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே மேடையில் நின்று பார்க்கலாம். உங்கள் மட்டத்தில் அது முடியாதே.


சட்டன் சித்தப்பா
ஆகஸ்ட் 2, இரவு 9:55

வருகிறேன். எதையும் எதிர்பார்த்து வரவில்லை.


கோலுக்குப் பின்னால்
ஆகஸ்ட் 3, சனி, இரவு 7:26

1-1.

சித்தப்பா வந்தார், குரொய்டன் தம்பி வந்தார், பழைய கோலி தன் டஜனை வாங்கிக்கொண்டு போனார். 163 பேர், இது டர்ன்ஸ்டைல் கணக்கு, நான் எண்ணினது இல்லை.

டீம்ஷீட்டில் அவன் பெயர் இல்லை. தாள் வரவில்லை, வியாழன் வரும் என்று சொல்லி வெள்ளி ஆகி, வெள்ளியும் போய்விட்டது. எங்கள் கோல் கார்னரில் வந்தது, அந்த தபால்கார ரைட் பேக் தலையால் முட்டினார், முப்பத்து நான்கு வயதில் அவருக்கு இந்தக் கிளப்பில் முதல் கோலாம். சித்தப்பாவின் பியர் என் தோளில்.

அவன் இருந்தான். டிராக்சூட்டோடு எங்களுக்கு இரண்டடி தள்ளி, கோலுக்குப் பின்னால், ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு. எண்பத்தெட்டாவது நிமிடம், நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறோம், எதிரணி பந்தை வேலிக்கு வெளியே கார் பார்க்குக்கு அடித்துவிட்டது, எங்களிடம் பந்து பொறுக்கும் பிள்ளைகள் எல்லாம் கிடையாது. அவன் ரோல்ஸை என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினான், இரண்டு காருக்கு நடுவில் புகுந்து பந்தை எடுத்து, அங்கிருந்தே அடித்தான், இடது காலால், தபால்காரர் காலடியில் வந்து விழுந்தது.

ரீப்ளே செவ்வாய், அவர்கள் மைதானத்தில். குரொய்டன் தம்பியின் காரில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது, சித்தப்பா முன்சீட்டைப் பிடித்துவிட்டார்.